இஸ்திரி அக்கா எழுதிய கடிதம்

மாமா மூன்று கடிதங்களோடு வந்தார். மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கைக்குழந்தையைத் தூக்கி வருவதுபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். ஒன்று கவுன்சிலருடையது. இன்னொன்று ஒரு வக்கீலுடையது. மூன்றாவது, மாமாவின் ஜெராக்ஸ் கடைக்கு எதிரே இருக்கும் பல் டாக்டருடையது. மூன்றிலும் முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது. மூன்றிலும், "இவரை எனக்குக் கடந்த ஐந்து ஆண்டுகளாக நன்கு தெரியும். இவர் நன்னடத்தை உடையவர்" என்று இருந்தது.

கவுன்சிலரை நான் சுவரொட்டியில் பார்த்திருக்கிறேன். வக்கீலைச் சுவரொட்டியில்கூடப் பார்த்ததில்லை. பல் டாக்டர் மட்டும் ஒருமுறை என் வாய்க்குள் பார்த்திருக்கிறார்.

"பல் டாக்டர் எதுக்கு மாமா?" என்றேன்.

"டாக்டர்னா டாக்டர்தான். வெளிநாட்டுக்காரனுக்குப் பல்லா நெஞ்சான்னு தெரியவா போகுது? முத்திரையைப் பாரு, ரூபாய் நோட்டு மாதிரி இருக்கு."

கட்டிலில் உட்கார்ந்து ஷேவ் செய்துகொண்டிருந்த அப்பா, "மச்சான், அப்படியே எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுத்துரு. நன்னடத்தைன்னு போட்டது. உங்க அக்காகிட்ட காட்டணும்" என்றார்.

"உங்களுக்கு அந்த முத்திரையெல்லாம் பத்தாது" என்றாள் அம்மா, தையல் மெஷினிலிருந்து தலை தூக்காமல்.

எங்களுக்குத் தெரிந்த வழக்கம் இதுதான். பள்ளியில் சேர்க்க வேண்டுமா, வீடு வாடகைக்கு வேண்டுமா, வேலைக்கு மனு போட வேண்டுமா, நம்மைத் தெரியாத ஒரு பெரிய மனிதரிடம் போய் 'நன்கு தெரியும்' என்று எழுதி வாங்கி வர வேண்டும். மனிதர் எவ்வளவு பெரியவரோ அவ்வளவு நல்லது. மாமாவுக்கு இதில் பெரிய பெயர். சிபாரிசு மாமா என்றால்தான் தெருவில் அடையாளம் தெரியும்.

இந்த முறை கடிதம் கேட்டிருந்தது கடல் தாண்டி இருக்கும் ஒரு வீடு.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பெயின்டர் வேலை செய்த அப்பா மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்தபோது, அம்மா தைக்கப் போனால்தான் உலை கொதிக்கும் என்ற நிலை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள நான் நின்றேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். குளிப்பாட்ட வேண்டும். திட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு வருடத்தில் அவர் கைத்தடியோடு எழுந்து நின்றார். அதற்குள் கூடப் படித்தவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். எனக்கோ பத்துப் பேர் முன்னால் நின்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். திரும்பப் பள்ளிக்குப் போய் என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார மனம் வரவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே மெஷின் சத்தத்தில் யாரும் யாரையும் பேசச் சொல்ல மாட்டார்கள்.

வெளியே எங்காவது போய் அப்பாவுக்குச் செய்ததை மற்ற மனிதர்களுக்கும் செய்ய வேண்டும் என்ற ஆசை எப்படி வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. விரிப்பு துவைக்கிறவளுக்கு, அதில் படுத்திருந்தவர் யார் என்று தெரியாமலே போகிறது. அது எனக்குப் போதவில்லை. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஃபோனில் தேடினேன். படிப்பு கேட்காத வேலை என்று போட்டால் முதலில் வந்தவர்கள் எல்லாம் முன்பணம் கேட்டார்கள். அவர்களை அழித்தேன். முழு உயர ஃபோட்டோ மட்டும் கேட்டவர்களை இன்னும் வேகமாக அழித்தேன். தொண்டு வேலை என்று போட்டபோது, நாம்தான் அவர்களுக்கு வாரத்துக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும் என்றவர்கள் வந்தார்கள். அவர்களையும் அழித்தேன். பட்டம் வேண்டும் என்றவர்கள் என்னை அழித்தார்கள். மிஞ்சியது நான்கு இடம். நான்குக்கும் எழுதினேன். இரண்டு பதில் போடவில்லை. ஒன்று அடுத்த வருடம் பார்க்கலாம் என்றது. நான்காவது, என்னிடம் கேள்வி கேட்டது.

பணம் கேட்பவர்களுக்கு நம்மைப் பற்றித் தெரிய வேண்டியதில்லை. கேள்வி கேட்பவர்கள்தான் உண்மையில் ஆள் தேடுகிறவர்கள். அந்த நான்கு மாதத் தேடலில் நான் கற்றது அவ்வளவுதான், ஆனால் அது போதும்.

அது ஒரு பெரிய வீடு. கை கால் வராத, பேச்சு சரியாக வராத பன்னிரண்டு பெரியவர்கள் அதில் குடும்பம்போல வாழ்கிறார்கள். அவர்களோடு தங்கி, குளிக்கவும் உடுத்தவும் வெளியே போகவும் கூட இருக்க ஆள் வேண்டும். குறைந்தது ஒரு வருடம். அறை, சாப்பாடு, காப்பீடு, கைச்செலவுக்குக் கொஞ்சம், விசாவுக்கான தாள், எல்லாம் அவர்கள் பொறுப்பு. போகும் டிக்கெட் மட்டும் நம்முடையது. அதற்குச் சேர்த்து வைத்திருந்தேன். படிப்பு பற்றி ஒரு வரிகூட இல்லை. 'உங்களை அறிந்தவர்களின் கடிதங்கள்' என்று மட்டும் கேட்டிருந்தார்கள். இந்தத் தடவை ஓர் இடம்தான் காலி.

மாமாவின் மூன்று கடிதங்களையும் அனுப்பினோம். திங்கட்கிழமை, வீட்டு ஒருங்கிணைப்பாளர் அம்மாளிடமிருந்து பதில் வந்தது. டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு மூன்று முறை படித்தேன். அதன் சாரம் இது:

"மூன்று பெரியவர்கள் ஒரே வார்த்தைகளில் உங்களைப் பாராட்டியிருக்கிறார்கள். நாங்கள் கோபப்படவில்லை. ஆனால் அந்தக் கடிதங்களில் உங்களைக் காணவில்லை. உங்கள் பக்கத்தில் நின்று வேலை செய்த ஒருவர் எழுதட்டும். நீங்கள் நன்றாகச் செய்வது என்ன, மோசமாகச் செய்வது என்ன, இரண்டும் அதில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். உறவினர்கள் எழுதக் கூடாது."

"மோசமா செய்றது என்னன்னு எவனாவது எழுதுவானா?" மாமாவுக்குத் தாங்கவில்லை. "இதென்ன வேலைக்கு எடுக்கிறாங்களா, பொண்ணு பார்க்குறாங்களா?"

"பொண்ணு பார்க்கிறப்ப அதையெல்லாம் மறைச்சுத்தானே எனக்குக் கட்டி வச்சீங்க" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவரோடு நான் ஐந்து மாதமாகப் பேசுவதில்லை. இன்னும் சரியாகச் சொன்னால், அவர்தான் என்னோடு பேசுவதில்லை.

இஸ்திரி அக்கா என்று எல்லாரும் கூப்பிடும் அவரும் நானும் ரோலரில் நிற்பவர்கள். துவைத்த விரிப்பைச் சூடான உருளைக்குள் விட ஆளுக்கு ஒரு மூலையாக இரண்டு பேர் பிடிக்க வேண்டும். ஒரே நேரத்தில் விட வேண்டும். ஒருத்தி அரை நொடி தாமதித்தாலும் விரிப்பு கோணலாகப் போய் சுருட்டிக்கொள்ளும். ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு. ஒரே துணியின் இரண்டு முனைகளை அறுநூறு முறை பிடித்துக்கொண்டு ஐந்து மாதம் பேசாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. அக்கா எதையாவது சொல்ல வேண்டுமானால் துணியை வெடுக்கென்று இழுப்பார். ஒரு இழுப்பு என்றால் 'விடு'. இரண்டு இழுப்பு என்றால் 'தூங்குறியா?'

தப்பு என்னுடையது. அறுவை சிகிச்சை அறைக்குப் போகும் பச்சைக் கவுன்களை டிரையரிலிருந்து நேரம் ஆகும் முன்பே எடுத்து மூட்டை கட்டிவிட்டேன். உள்ளே ஈரம். மறுநாள் காலை அந்த மூட்டைகளில் எதுவும் ஆகாது என்று ஆபரேஷன் அறையிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். இரண்டு ஆபரேஷன் மூன்று மணி நேரம் தள்ளிப்போனது. மேனேஜர் இறங்கி வந்து, "யார் கட்டினது?" என்றார். நான் சுவரைப் பார்த்தேன். சொல்லக் கூடாது என்று நினைக்கவில்லை. வாய் வரவில்லை. மூட்டையோடு போன சீட்டில் பொறுப்பாளர் என்று அக்காவின் கையெழுத்து இருந்தது. மெமோ அவருக்குப் போனது. பொறுப்பாளர் பதவியும் போனது. அக்கா என்னைப் பார்த்தார். நான் அப்போதும் சுவரைத்தான் பார்த்தேன்.

செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் அவர் எதிரே போய் நின்றேன். "அக்கா" என்றேன்.

"அடடே, வாய் இருக்கா?" என்றார். "அஞ்சு மாசமா தேடிட்டு இருந்தேன். அழுக்கு மூட்டைக்குள்ள போயிருச்சோன்னு நினைச்சேன்."

விஷயத்தைச் சொன்னேன். அந்த வீடு, கடிதம், வெள்ளிக்கிழமை எல்லாம். அக்கா டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"உங்க மாமாதான் கவுன்சிலர்கிட்டயே வாங்கிட்டு வந்தாராமே. என்கிட்ட எதுக்கு? என்கிட்ட முத்திரை இல்லம்மா. மெமோதான் இருக்கு. அதுல வேணா முத்திரை இருக்கு."

"நீங்க எழுதினாத்தான் எடுப்பாங்கக்கா. உங்களுக்குத்தான் என்னைத் தெரியும்."

"தெரியும்தான். நல்லாவே தெரியும்."

"மன்னிச்சிருங்கக்கா."

"அதை என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? ஆபீஸ் மாடியில இருக்கு." டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். "எழுதுறேன். ஆனா உள்ளதைத்தான் எழுதுவேன். அப்புறம் அழுதுக்கிட்டு வந்து நிக்காத."

புதன்கிழமை மாலை, கிளம்பும் நேரத்தில் நான்காக மடித்த தாளைக் கையில் திணித்துவிட்டுப் போனார். விரிப்பு மடிப்பதுபோலவே மடித்திருந்தார், ஓரம் பிசகாமல். பஸ்ஸில் பிரித்தேன்.

"இந்தப் பெண் நான்கு வருடமாக என்னோடு ரோலரில் வேலை செய்கிறாள். இவள் பிடிக்கும் மூலை கோணாது. லீவு என்றால் முதல் நாளே சொல்லிவிடுவாள். ரத்தம், சீழ் எதற்கும் முகம் சுளிக்க மாட்டாள். புதிதாக வந்த ஒருத்தி வாடை தாங்காமல் வாந்தி எடுத்தபோது இவள்தான் துடைத்தாள். அதை யாரிடமும் சொல்லிக் காட்டவில்லை. குறை என்றால், வாய் திறக்க மாட்டாள். ஐந்து மாதத்துக்கு முன் ஆபரேஷன் கவுன்களை ஈரத்தோடு கட்டிவிட்டாள். மேனேஜர் கேட்டபோது பக்கத்திலேயே நின்றுகொண்டு சொல்லவில்லை. என் பொறுப்பு போய்விட்டது. இன்றுவரை அவள் சொல்லவில்லை. கெட்டவள் இல்லை, பயந்தாங்கொள்ளி. பயம் போனால் உங்களுக்கு இவளைப்போல ஆள் கிடைக்காது. நீங்கள் கூட்டிக்கொண்டு போனால் எனக்குத்தான் நஷ்டம். இந்த மாதிரி மூலை பிடிக்க இனி யாரைத் தேடுவேன்?"

தமிழ்க் கடிதத்தை இங்கிலீஷில் எழுதிச் சேர்த்து அனுப்ப வேண்டும். அதை எழுத வேண்டியவளும் நான்தான். மாமா கடிதத்தை வாங்கிப் படித்தார். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"ஆரம்பம் பிரமாதம். முடிவும் பிரமாதம். நடுவுல அஞ்சாறு வரியைத் தூக்கிரு."

"தூக்குறதா?"

"அங்க தமிழ் படிக்கத் தெரிஞ்சவன் எவன் இருக்கான்? நீ என்ன எழுதுறியோ அதுதான் கடிதம்."

அம்மா இதுவரை நான் போவதற்குச் சம்மதமே சொல்லவில்லை. 'அடுத்தவங்களைக் குளிப்பாட்டவா உன்னைப் பெத்தேன்' என்பதுதான் அவள் வாயில் தினமும் வரும் வசனம். அவளே மெஷினை நிறுத்திவிட்டு, "மாமா சொல்றதைக் கேளுடி. போறதுன்னு ஆயிருச்சு, நல்லபடியா போய்ச் சேரு. எதுக்கு உனக்கு நீயே குழி வெட்டிக்கிற?" என்றாள். அவள் சம்மதம் சொன்னாள் என்பதே எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

வியாழக்கிழமை எனக்கு மதிய ஷிப்ட். காலையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக எழுதினேன். நடுவில் உள்ள வரிகளையும் எழுதினேன். அதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. 'அந்தக் கடிதங்களில் உங்களைக் காணவில்லை' என்று அந்த அம்மாள் சொல்லியிருந்தார். இதில் நான் இருந்தேன். நடுவை எடுத்துவிட்டால் மறுபடியும் பல் டாக்டர் கடிதம்தான்.

எழுதிக்கொண்டே வந்து 'இன்றுவரை அவள் சொல்லவில்லை' என்ற இடத்தில் கை நின்றது. மற்ற வரிகள் எல்லாம் நடந்து முடிந்தவை. அவற்றை நான் ஒன்றும் செய்ய முடியாது. இந்த ஒரு வரி மட்டும் இன்னும் நடந்துகொண்டிருந்தது. இதை மாற்ற ஆபீஸ் மாடிக்குப் போனால் போதும்.

வாய் வராமல் போனால் கொடுக்கலாம் என்று ஒரு தாளில் நடந்ததை எழுதிக் கையெழுத்தும் போட்டு எடுத்துக்கொண்டேன். மாடியில் கண்ணாடிக் கதவு. உள்ளே மேனேஜர் யாருடனோ ஃபோனில் சிரித்துக்கொண்டிருந்தார். நான் நின்றதைப் பார்த்து என்ன என்று புருவத்தால் கேட்டார்.

"சார், அன்னைக்கு ஆபரேஷன் கவுனை ஈரமா கட்டினது நான்" என்றேன்.

தாள் கையிலேயே இருந்தது. வாய் வந்துவிட்டது.

அவருக்கு நினைவுக்கு வரவே கொஞ்ச நேரம் பிடித்தது. "எந்தக் கவுன்? ஓ, அதுவா? ஏம்மா, அது முடிஞ்சு எத்தனை மாசம் ஆச்சு? அந்த மெமோ ஃபைலுக்குப் போயாச்சே."

"அந்த ஃபைல்லயே இதையும் வைங்க சார்" என்று தாளை நீட்டினேன். "அக்காவுக்குப் பொறுப்பைத் திருப்பிக் குடுங்க. அவங்க மேல தப்பு இல்ல."

"நீ பேசுவியா?" என்றார். அன்றைக்கு இதைக் கேட்ட இரண்டாவது ஆள்.

முதல் ஆள் நானேதான், படி ஏறும்போது.

எனக்கு மெமோ வந்தது. ஒரு மாதம் ரோலரிலிருந்து எடுத்து அழுக்குத் துணி பிரிக்கும் பக்கம் போட்டார்கள். அக்காவுக்கு அடுத்த திங்கட்கிழமையே பொறுப்பு திரும்பியது. அவர் அழுக்குப் பக்கம் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு, "வெளிநாடு போகணும்னாத்தான் உண்மை வருமா உனக்கு? இதைத் தெரிஞ்சிருந்தா அப்பவே டிக்கெட் எடுத்துக் குடுத்திருப்பேனே" என்றார். பிறகு பையிலிருந்து புதிய கையுறை ஜோடி ஒன்றை எடுத்து என் மேஜையில் போட்டுவிட்டுப் போனார்.

கடிதம் வியாழக்கிழமையே போய்விட்டது. அடியில் ஒரே ஒரு குறிப்பு சேர்த்திருந்தேன்: 'இன்றுவரை அவள் சொல்லவில்லை என்ற வரி இன்று காலை பதினொரு மணி வரை உண்மை.'

செவ்வாய்க்கிழமை வீடியோவில் பேசக் கூப்பிட்டார்கள். ஃபோனை அம்மாவின் தையல் மெஷின் மேல் நூல் உருண்டைகளுக்கு நடுவே சாய்த்து வைத்தோம். திரையில் இரண்டு பேர் தெரிந்தார்கள். ஒருவர் ஒருங்கிணைப்பாளர் அம்மாள். இன்னொருவர் சக்கர நாற்காலியில் இருந்த ஐம்பது வயதுக்காரர், அந்த வீட்டில் பதினெட்டு வருடமாக இருப்பவர். யாரை எடுப்பது என்று முடிவு செய்வதில் வீட்டில் இருப்பவர் ஒருவரும் உட்காருவாராம். அம்மாள் பேசிய இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் பிடிபட்டது. நாற்காலிக்காரர் நாக்கு புரளாமல் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திப் பேசினார். அது எனக்கு முழுதாகப் பிடிபட்டது. பேசியதைத் தமிழாக்கியே சொல்கிறேன்.

"கடிதம் படிச்சேன்" என்றார் அவர். "லெட்டர் இல்லேன்னா மேனேஜர்கிட்ட போயிருப்பியா?"

"போயிருக்க மாட்டேன்" என்றேன்.

அம்மா பின்னால் நின்று என் தோளைக் கிள்ளினாள். அவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. என் தலையாட்டல் தெரியும்.

அவர் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு அடுத்ததைச் சொன்னார். "போன வருஷம் வந்தவன் என்னைக் குளியலறையில கீழ போட்டுட்டான். இவரே வழுக்கிட்டாருன்னு சொன்னான். நான் பேசி முடிக்கிறதுக்குள்ள எல்லாரும் அவன் சொன்னதை நம்பிட்டாங்க. ஒரு மாசம் என்னைக் குளியலறைக்கே விடாம, கட்டில்லயே துடைச்சு விட்டாங்க." நிறுத்தினார். "நீ என்னைக் கீழ போட்டா?"

போட மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் ஈரமான உடம்பைத் தூக்கியவர்களுக்குத் தெரியும்.

"போட்டாலும் போட்டுருவேன்" என்றேன். "எங்க அப்பாவை ரெண்டு வருஷம் பார்த்துக்கிட்டேன். ரெண்டு தடவை கீழ போட்டிருக்கேன்."

நான் கையைக் கீழே போட்டுக் காட்டி, இரண்டு என்று விரல்களை நீட்டியதைப் பார்த்ததுமே கட்டிலிலிருந்து அப்பா, "மூணு!" என்று கத்தினார்.

திரையில் இருந்தவர் காதைத் திருப்பினார். "யார் அது? என்ன சொல்றாரு?"

மாமா கதவோரம் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார்.

"எங்க அப்பா" என்றேன். "ரெண்டு இல்லையாம். மூணு தடவையாம்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிப்பும் பேச்சுபோலவே மெதுவாகக் கிளம்பி, கிளம்பிய பிறகு நிற்க நேரம் பிடித்தது. நாற்காலி ஆடியது. அம்மாள் அதைப் பிடித்துக்கொண்டார். அவரும் சிரித்தார்.

"சரி, போட்டுட்டே. எவ்வளவு நேரத்துல சொல்லுவே? அஞ்சு மாசம் ஆகுமா?"

"உங்களைத் தூக்கி உட்கார வைக்கிற நேரம். அப்புறம் உடனே."

அவர் ஒருங்கிணைப்பாளர் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். அந்த அம்மாள் தாளில் குறித்துக்கொண்டார். விசாவுக்கான கடிதம் இந்த வாரமே வரும் என்றார். முதல் மாதம் வேறொருவரோடு சேர்ந்துதான் வேலை என்றார். பிறகு, "உங்களுக்கு எங்ககிட்ட கேட்க ஏதாவது இருக்கா?" என்றார்.

"ஒண்ணு இருக்கு" என்று அவரைப் பார்த்தேன். "உங்க எடை எவ்வளவு?"

"எழுபத்தெட்டு கிலோ."

திரும்பி அப்பாவை ஒருமுறை பார்த்தேன். அவர் விழுந்தபோது எண்பத்திரண்டு.

"தூக்கிடலாம்" என்றேன்.